முதலில் மதகு, பிறகு பொன்னாடை

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஒழுங்கையில் ஒரு பாராட்டு விழா. பொன்னாடை எங்கள் வட்டாரத்துப் பிரதேச சபை உறுப்பினருக்கு. கைதட்டல் என் பக்கத்து வீட்டுச் சுகந்திக்கு. எனக்கு... ஒரு மீன் ரோல்ஸும் பிளேன்ரீயும்.

ரோல்ஸ் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நேரம் வயிறு வேறொன்றால் எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கௌரவமான பெயர் ஒன்று தேடிப் பார்த்தேன். ஆதங்கம், மனத்தாங்கல், ஒரு சின்ன வருத்தம்... ஒன்றும் பொருந்தவில்லை. பொறாமைதான்.

ஏன் பொறாமை என்று கேட்கிறீர்களா? இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்கள் கேட்கமாட்டீர்கள். பாலையூற்றுப் பக்கம் மெயின் ரோட்டிலிருந்து பிரியும் எங்கள் ஒழுங்கையின் வாயில் ஒரு மதகு இடிந்து, மண் மூடிக் கிடந்த கதையை நான் எத்தனை தடவை எழுதியிருப்பேன்? மெயின் ரோட்டு மழைத்தண்ணீர் அந்த மதகுக்குள்ளால் ஓடிப்போக வேண்டும். வழியில்லாததால் அது எங்கள் ஒழுங்கைக்குள் வந்து குடியிருக்கும். மார்கழியில் முழங்கால் வரை நிற்கும். இதைக் கோபமாக எழுதினேன். பகிடியாக எழுதினேன். ஒருமுறை அந்தத் தண்ணீரில் வாழும் தவளை பேசுவதுபோலக்கூட எழுதினேன். கடைசியில் பத்திரிகை ஆசிரியர் போன் எடுத்து, மிகவும் மரியாதையாக, "அக்கா, இந்தக் கிழமை மதகு இல்லாமல் ஏதும் எழுதுவமோ?" என்று கேட்டார்.

அந்த மதகைத்தான் சுகந்தி கட்டுவித்துவிட்டாள். ஒரு வரிகூட எழுதாமல்.

சுகந்தியும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவள் கொழும்பில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை செய்து, ஓய்வு பெற்று, பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தாள். வந்த புதிதில் அவளுக்கு இந்த ஒழுங்கையை வீடு வீடாக அறிமுகம் செய்து வைத்தவள் நான். இன்றைக்கு என்ன நிலைமை தெரியுமா? சந்தையில் மீன் வெட்டுகிறவர் என்னைப் பார்த்து, "நீங்க சுகந்தி அக்காட ஒழுங்கையோ?" என்று கேட்கிறார். இத்தனை வருடமாகக் கிழமைக்குக் கிழமை பத்திரிகையில் என் படம் வருகிறது. அவர் பாரை மீனை அந்தப் பத்திரிகையில்தான் சுற்றித் தருகிறார்.

சரி, ஒரு மதகில் எனக்கு ஏன் இவ்வளவு கரிசனை?

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை செய்தவர். உள்ளே வருகிற கப்பல்களோடு றேடியோவில் கதைக்கிற வேலை. மூன்று மொழியிலும் அவருடைய குரல் தெளிவாக, நிதானமாக இருக்கும். பாரிசவாதம் வந்து இடது பக்கத்தைப் போட்டுவிட்டது. இப்போது தடி ஊன்றி நடக்கிறார். பேச்சும் வருகிறது, ஆனால் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் கேட்பவர் காத்திருக்க வேண்டும். யார் காத்திருக்கிறார்கள்? வந்துபோகிற சொந்தக்காரர்கள் பாதி வசனத்திலேயே மீதியைத் தாங்களே சொல்லி முடித்துவிடுவார்கள். வீட்டில் நானும் அப்படித்தான்.

கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் அவருக்குப் பிசியோதெரபி. நஸீர் தம்பியின் ஓட்டோ வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். மாரி தொடங்கினால் வராது. தண்ணீருக்குள் இறக்கினால் எஞ்சின் போய்விடும், பிழைப்பும் போய்விடும், அவரைக் குறை சொல்ல ஏலாது. சென்ற மாரியில் கிழமைக்கணக்காகச் சிகிச்சை தவறியது. கொஞ்சம் கொஞ்சமாக விரியத் தொடங்கியிருந்த இடது கை பழையபடி மூடிக்கொண்டது. தைப்பொங்கல் கழிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பயிற்சி கொடுக்கிற பிள்ளை கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அடுத்த மாரியிலும் இப்பிடி விட்டீங்கள் எண்டா திரும்ப எடுக்கிறது கஷ்டம் ஐயா" என்று சொல்லிவிட்டாள்.

ஆகவே எனக்கு அது வெறும் மதகு இல்லை. அவருடைய இடது கை.

அதற்காக நான் என்ன செய்தேன்? ஒரு நல்ல குடிமகள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தேர்தலும் தவறவிட்டதில்லை. விடியவே குளித்து, நல்ல சேலையாகப் பார்த்து உடுத்தி, வரிசையில் முன்னுக்கு நிற்பேன். விரலில் மை பூசியதும் ஒரு மிதப்பு வரும் பாருங்கள்... அதோடு வீட்டுக்கு வந்து, அடுத்த தேர்தல் வரை எழுதுவேன். ஆளைத் தெரிவுசெய்து அனுப்பியாயிற்று, இனி அவர் பாடு, பிழை விட்டால் எழுத நான் இருக்கிறேன் — இதுதானே பிரதிநிதித்துவ ஜனநாயகம்?

சுகந்தி வேறு மாதிரி. மாதா மாதம் பிரதேச சபை கூடும் நாளில் ஒரு பிளாஸ்கில் தேநீர் ஊற்றிக்கொண்டு, பஸ் ஏறிப் போய், பொதுமக்கள் இருந்து பார்க்கிற இடத்தில் இருந்துவிட்டு வந்தாள்.

"அங்க போய் என்னடி செய்யிறாய்?" என்று கேட்டேன்.

"கதிரையில இருக்கிறன்."

"கதைக்க விடுவினமோ?"

"இல்லை. பார்க்க வாறவை கதைக்கக் கூடாது."

"பிறகு?"

"பார்த்துக்கொண்டு இருக்கிறன்."

விழுந்து விழுந்து சிரித்தேன். வேலை மினக்கெட்டு, பஸ்சுக்குக் காசு கொடுத்து, சும்மா இருந்து பார்க்க ஒருத்தி போகிறாள்!

ஆனால் நடந்தது என்ன? பார்வையாளர் பக்கம் எப்போதும் வெறுமையாகக் கிடக்குமாம். வாய் திறக்காமல் கூட்டத்தை முடித்துக்கொண்டு போகிற எங்கள் வட்டார உறுப்பினர், ஒருநாள் அங்கே தன்னுடைய வட்டாரத்து முகம் ஒன்று இருப்பதைக் கண்டார். முதல் மாதம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அடுத்த மாதம் தலையசைத்தார். அதற்கடுத்த கூட்டத்தில் எழும்பி எங்கள் மதகைப் பற்றிக் கதைத்தே விட்டார்.

"நீ போய்க் கேட்டனியோ?"

"ஒண்டும் கேக்கேல்ல. வெளியில வரேக்க, நல்லாக் கதைச்சனீங்கள் சேர் எண்டு மட்டும் சொன்னனான்."

என் தவளைக்குக் கிடைக்காத பேச்சு அவளுடைய பிளாஸ்குக்குக் கிடைத்துவிட்டது. அன்றிரவு எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

சபையில் கதைத்தால் மதகு எழும்பிவிடுமா? "கவனத்தில் எடுக்கப்படும்" என்று பதில் வந்தது. அந்தப் பதிலின் பொருள் இலங்கையில் வாக்குரிமை உள்ள எல்லோருக்கும் தெரியும். என் பொறாமை கொஞ்சம் ஆறியது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தக் கிழமை நன்றாக நித்திரை கொண்டேன்.

இடையில் எங்கள் சனசமூக நிலையத்தின் பொதுக்கூட்டம் வந்தது. சுகந்தியைச் செயலாளராகத் தெரிவுசெய்துவிட்டார்கள். நான் போயிருந்தால் என் பெயரையும் யாராவது சொல்லியிருப்பார்கள். போகவில்லை. பத்தி அனுப்பக் கடைசி நாள். 'நம்மவர்கள் ஏன் கூட்டங்களுக்கு வருவதில்லை?' என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உறுப்பினரோ வேறு பெரியவரோ வந்தால், முதலில் மாலை. பிறகு மங்கள விளக்கு, வரவேற்புரை. பிறகு பொன்னாடை. பிறகு அவரே இந்திரன், அவரே சந்திரன் என்று ஒரு வாழ்த்துப்பா, கண்ணாடிச் சட்டம் போட்டு. போன உறுப்பினருக்கும் அதற்கு முந்தியவருக்கும் வாழ்த்துப்பா எழுதியது யார் என்று நினைக்கிறீர்கள்? நானேதான், எதுகை மோனையோடு. நன்றியுரையும் முடிந்து, அவர் வாகனத்தில் ஒரு காலை வைக்கிற நேரத்தில்தான் எங்கள் ஆட்களுக்கு மதகு ஞாபகம் வரும். ஓடிப்போய்ச் சொல்வார்கள். அவர் கண்ணாடிக்குள்ளால் கும்பிட்டபடி போவார். முழு நன்றியையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்ட மனிதன் பிறகு எதற்காக மினக்கெட வேண்டும்?

இத்தனை கூட்டத்துக்கும் என் வீட்டுக் கதிரைகள் போய் வந்திருக்கின்றன. இந்தச் சின்ன விஷயம் எனக்கு உறைத்ததே இல்லை. சுகந்திக்கு உறைத்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

ஆவணி தொடக்கத்தில் ஒருநாள் பின்னேரம் அடித்து ஊற்றியது. மறுநாள் காலையில் ஒழுங்கை முழுக்கக் கணுக்காலளவு தண்ணீர். சுகந்தி உறுப்பினருக்குப் போன் எடுத்து, "சேர், இண்டைக்கு வந்தால்தான் பார்க்கலாம், நாளைக்கு வத்திப்போடும்" என்று சொல்லியிருக்கிறாள். மனிதர் மோட்டார் சைக்கிளை ஒழுங்கை வாயிலில் விட்டுவிட்டு, காற்சட்டையை மடித்துக்கொண்டு நடந்து வந்தார். எங்கள் சனசமூக நிலையத் தலைவர் தர்மலிங்கம் அண்ணை ஷொப்பிங் பைக்குள் மாலையோடு தயாராக நின்றார். செய்தி கேட்டவுடனே பூக்கடைக்கு ஆளனுப்பி எடுப்பித்திருக்கிறார்.

உறுப்பினரும் வழக்கம்போலத் தொடங்கினார். "மாலை, பொன்னாடை ஒண்டும் வேண்டாம். நான் உங்கட வீட்டுப் பிள்ளை."

"ஓம் சேர், இண்டைக்கு ஒண்டும் இல்லை" என்றாள் சுகந்தி. "பொன்னாடை எடுத்து வைச்சிருக்கிறம். மதகு முடிஞ்ச அண்டைக்குப் போடுறம்."

தர்மலிங்கம் அண்ணை பையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். இவள் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். நினைத்ததில் ஒரு சந்தோஷமும் இருந்தது, மறைப்பானேன்.

அந்த நேரம் எங்கள் கேற் திறந்தது. அன்று பிசியோதெரபி நாள். வீட்டுக்காரர் ஷேர்ட் மாற்றி, தடியோடு வந்து நின்றார். தண்ணீரைக் கண்டு நஸீர் தம்பியின் ஓட்டோ ஒழுங்கை வாயிலிலேயே நின்றுவிட்டது. நான் வழக்கம்போல அவருடைய இடது பக்கம் பிடிக்கப் போனேன்.

"நீர்... நில்லும்" என்றார்.

சுகந்தி உறுப்பினரைப் பார்த்தாள். "ஐயா ஓட்டோவுக்குப் போகவேணும் சேர். இடது பக்கத்தால ஒராள் பிடிக்கவேணும். நீங்கள் பிடிப்பீங்களோ?"

ஒழுங்கையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது யார்தான் மாட்டேன் என்பார்? அவர் செருப்பைக் கழற்றி எங்கள் மதிலில் வைத்துவிட்டு, வந்து கையைப் பிடித்தார்.

வேகமாக நடந்தால் முடிந்துபோகும் தூரம்தான். ஆனால் என் வீட்டுக்காரரால் நடந்துகொண்டே கதைக்க ஏலாது. ஒரு வசனம் சொல்ல வேண்டுமென்றால் நிற்க வேண்டும். நின்றார். கதைத்தார். பிறகு நடந்தார். பிறகும் நின்றார். முதல் தடவை உறுப்பினர் எங்களைப் போலவே வசனத்தின் மீதியைத் தான் சொல்லி முடிக்கப் பார்த்திருக்க வேண்டும். இவர் தலையை ஆட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். அதன் பிறகு மனிதர் வாயை மூடிக்கொண்டு, கழுத்தைச் சாய்த்துக் கேட்டபடியே வந்தார். தண்ணீருக்குள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், விட்டுவிட்டுப் போகவும் முடியாது. ஓட்டோவில் ஏற்றிய பிறகும் கதவுப் பக்கம் குனிந்தபடி கனநேரம் நின்றார்.

நான் கேற்றடியில் நின்றேன். ஒரு சொல்கூட எனக்குக் கேட்கவில்லை.

அவர்கள் போனதும் சுகந்தியைப் பிடித்தேன். "என்ர மனுசனைக் காட்சிக்கு வைச்சிட்டாய், என்னடி?"

"நான் வைக்கேல்ல. அவர்தான் மதிலடியில வந்து நிண்டு கேட்டவர், உறுப்பினர் வந்தால் தன்னைக் கதைக்க விடச்சொல்லி. உன்னட்டச் சொல்லவேண்டாம் எண்டதும் அவர்தான்."

சொன்னால் சொன்னதுதான், அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அதுவும் ஒரு எரிச்சல். என் எழுத்துக்கு அசையாத மதகை அவள் அசைக்கிறாள், போகட்டும். என் வீட்டுக்குள் இருக்கிற மனிதர் எனக்குத் தெரியாமல் அவளோடு சேர்ந்து திட்டம் போடுகிறார் என்றால்? அவர் ஆஸ்பத்திரியால் வரும்வரை குசினிக்குள் சட்டி பானைகளோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.

வந்ததும் கேட்டேன். "ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"சொன்னா... நீர் அதை... எழுதிப்போடுவீர்."

எழுதித்தான் இருப்பேன்.

"ஊர் முழுக்க எனக்குத் தெரியாமல்... நான் உங்களுக்காக எழுதாத எழுத்தோ?"

அவர் கதிரையில் இருந்து, தடியை மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார். அன்றைக்கு ஏனோ நான் குறுக்கே விழவில்லை.

"எனக்காக... நீர் கதைச்சனீர். நல்லாத்தான்... கதைச்சனீர். ஆனா நான்... வாக்குப் போட்டது... அவருக்கு. அவரோட... நான்தான்... கதைக்கவேணும்."

நாடு முழுக்க இருக்கிற பிரதிநிதிகளைப் பற்றி வாராவாரம் நையாண்டி எழுதுகிறேன். மக்களைக் கேட்காமலே மக்களுக்காகப் பேசுகிறார்கள் என்று அவர்களைத் திட்டுகிறேன். என் வீட்டுக்குள் ஒரு தொகுதி இருந்தது. வேட்புமனுவும் நான், வாக்கும் நான், போட்டியின்றித் தெரிவும் நான். அந்தத் தொகுதிக்கு ஒரு வாய் இருப்பதை யோசிக்கவே இல்லை. அவமானமாக இருந்தது. ஆனால் அந்த அவமானத்தையும் மீறிக்கொண்டு வந்தது பழைய பொறாமைதான். இப்போது உறுப்பினர் மேல். எனக்குக் கிடைக்காத அந்த வசனங்களை முழுசாக நின்று கேட்ட மனிதர் அவர்.

"அவரோட என்ன கதைச்சனீங்கள்?"

"அது... அவருக்குச் சொன்னது."

பிறகு நடந்ததை விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் மதகு ஏற்கனவே செய்ய வேண்டிய வேலைகளுக்குள் இருந்ததாம், எங்கேயோ அடியில். உறுப்பினர் சபையில் விடாமல் நின்று அதை மேலே எடுப்பித்தார். ஒவ்வொரு கூட்டத்திலும் சுகந்தி அந்தக் கதிரையில் இருந்தாள். குழாய் வந்தது, கொங்கிறீற் வந்தது, ஐப்பசி மழை பெரிதாக இறங்குமுன் வேலை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை பொன்னாடையும் சொன்னபடியே ஏறியது. தர்மலிங்கம் அண்ணை இம்முறை மாலையைத் தைரியமாக வெளியே எடுத்தார்.

உறுப்பினர் பேசும்போது, "இந்த ஒழுங்கையில ஒரு ஐயா எனக்குச் சில கதைகள் சொன்னவர், நான் மறக்கமாட்டன்" என்றார். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. இரண்டு பேரும் என்ன ஒப்பந்தம் போட்டார்களோ. விழா முடிந்து என்னிடம் வந்து, "நீங்கதானே பேப்பரில எழுதுறனீங்கள்? என்ர மனிசி விடாமல் வாசிக்கிறவ" என்றார். தான் வாசிப்பதாக ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை முழுநாளும் மழை. ஒழுங்கையில் ஈரம்தான் இருந்தது, தண்ணீர் நிற்கவில்லை. நஸீர் தம்பி வாசலில் ஹோர்ன் அடித்தார். வீட்டுக்காரர் ஒரு சிகிச்சையும் தவறவிடவில்லை. இடது கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் இப்போது ஒரு பிளேன்ரீக் கோப்பையைப் பிடிக்கின்றன, கொஞ்சம் நடுக்கத்தோடு. அதைப் பார்த்து நான் அழுதேன். அழுதுகொண்டே பக்கத்து வீட்டைப் பார்த்து எரிந்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் முடியுமா என்று கேட்காதீர்கள். முடிகிறது.

இந்த மாதச் சபைக் கூட்டத்துக்குச் சுகந்தியோடு அவரும் போகிறாராம். ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலி ஏறாத படி ஒன்று இருக்கிறது, கூட்டம் முடிந்து வெளியில் வரும்போது உறுப்பினரோடு அதைப் பற்றிக் கதைக்க வேண்டுமாம். நஸீர் தம்பிக்குச் சொல்லியாயிற்று, பிளாஸ்க் அவள் கொண்டுவருகிறாள். ஓட்டோவில் மூன்றாவது ஆளுக்கு இடமிருக்கும். என்னை யாரும் இன்னும் கேட்கவில்லை.

இதை அனுப்புவதற்கு முன் முதல் தடவையாக அவரிடம் முழுவதும் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரு இடத்தில் சிரித்தார், எந்த இடம் என்று சொல்லமாட்டேன். முடிந்ததும் ஒரேயொரு திருத்தம் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"பழைய கட்டுரையளில... 'ஒழுங்கையில் ஒரு முதியவர்'... எண்டு எழுதினீர். இதில... 'வீட்டுக்காரர்'... எண்டு எழுதியிருக்கிறீர். எனக்கு... பேர் இல்லையோ?"

அவர் பெயர் சிவபாதம். வயது அறுபத்திரண்டு. முதியவர் இல்லையாம்.